தாக்குதலின் செலவு யார் கணக்கில் விழ வேண்டும்?

கேள்வி: வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இணைய இணைப்புத் தரும் நடுத்தர நிறுவனம் எங்களுடையது. சுமார் 9,000 இணைப்புகள், தலா 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 கிகாபிட்) வீதம் வெளி இணையத்தோடு சேர்க்கும் இரண்டு அப்லிங்க், கூடவே கொஞ்சம் வாடகை சர்வர்கள். சில மாதங்களாக எங்கள் வாடிக்கையாளர்கள் மீது டிடாஸ் தாக்குதல் (பல கருவிகளிலிருந்து ஒரே நேரத்தில் டிராஃபிக்கைக் கொட்டி முடக்குவது) வருகிறது. எங்கள் ஐபி முகவரிகளிலிருந்து மற்றவர்களைத் தாக்குவதாகவும் புகார்கள் வருகின்றன. தாக்குதல் டிராஃபிக்கை வடிகட்டித் தரும் ஸ்க்ரப்பிங் சேவைக்கு ஆண்டுதோறும் பணம் கொட்டுவதைவிட, தாக்குபவனுக்குச் செலவு வைக்க வழி தேடுங்கள் என்கிறது நிர்வாகம். தாக்குதல் டிராஃபிக் அனுப்பும் வாடிக்கையாளருக்கு அபராதம், எங்கள் வாடிக்கையாளர் தளத்தின் லாகின் பக்கத்தில் பயனரின் கருவி தீர்க்க வேண்டிய கணக்குப் புதிர், புதிய சர்வர் கணக்குக்கு முன்பணம் என்று மூன்று யோசனைகள் பேச்சில் உள்ளன. எது பலிக்கும், எதை முதலில் செய்வது? பணம் கேட்டு மிரட்டி மெயில் ஒன்றும் வந்திருக்கிறது. அதற்கு என்ன செய்ய?

பதில்: மூன்று யோசனைகளுக்கும் முதலில் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாடிக்கையாளருக்கு அபராதம் வேண்டாம். லாகின் புதிர் ஒரே ஒரு வகைத் தாக்குதலுக்குத்தான் உதவும். உங்கள் அப்லிங்க் நிரம்பி வழிவதற்கு அது மருந்தாகாது. முன்பணம் நல்ல யோசனை, ஆனால் தனியாக வைத்தால் ஏமாற்றிவிடும். இந்த மூன்றையும் தொடுவதற்கு முன், உங்கள் வலையமைப்பிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்கைச் சரிசெய்யுங்கள். பொருளாதாரத்தைக் கருவியாக எடுப்பதென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தாக்குபவனின் பைக்குள் கைவிடுவது ஏன் கடினம் என்று பாருங்கள். 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து முடக்கிய வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற வாடகைத் தாக்குதல் தளத்தில் 1,36,000 பயனர்கள் பதிவு செய்திருந்தார்கள். மாதக் கட்டணம் 15 யூரோவிலிருந்து தொடங்கியது. அந்தத் தொகைக்கு ஒரு சிறு நிறுவனத்தைப் படுக்கவைக்க முடிந்தது. இவ்வளவு மலிவாக விற்க முடிவதற்குக் காரணம், விற்பவன் எந்தக் கச்சாப் பொருளுக்கும் காசு கொடுப்பதில்லை. கேமராவும் ரூட்டரும் ஊரார் வீட்டில் இருப்பவை. மின்சாரக் கட்டணமும் பேண்ட்விட்த் கட்டணமும் வேறு யாரோ கட்டுகிறார்கள். போலி மூல முகவரியோடு (அனுப்புநர் முகவரியோடு) வரும் பாக்கெட்டை வெளியே விடுவது வேறொரு நிறுவனத்தின் ரூட்டர். அதைப் பல மடங்காக்கித் தருவது யார் கேட்டாலும் பதில் தரும் இன்னொருவரின் திறந்த டிஎன்எஸ் சர்வர். தடுக்கக்கூடிய இடத்தில் இருக்கும் இவர்களில் யாருக்கும் நட்டமில்லை. நட்டப்படுபவரிடம் தடுக்கும் வழியில்லை. செலவை இந்த நடுவிலிருப்பவர்கள் பக்கம் நகர்த்துவதுதான் நடைமுறையில் பலன் தந்திருக்கிறது. உங்கள் நிறுவனமும் அந்த நடுவில் இருப்பவர்களில் ஒருவர்தான். அதனால் பாதி வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் அப்ஸ்ட்ரீம் (உங்களுக்கு இணைப்பு விற்கும் பெரிய நிறுவனம்) தரும் பில்லைக் கையில் எடுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் 95வது பெர்சென்டைல் கணக்கு இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை டிராஃபிக் அளவைக் குறிப்பார்கள். 30 நாளில் 8,640 அளவீடுகள். அவற்றில் மிக உயர்ந்த 5 சதவீதத்தை, அதாவது 432 அளவீடுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்குப் பில் போடுவார்கள். 432 அளவீடு என்றால் 36 மணி நேரம். உள்ளே வருவது, வெளியே போவது இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில் போடுவது பரவலான வழக்கம். வீட்டு இணைப்பு தரும் நிறுவனத்தில் உள்ளே வருவதுதான் எப்போதும் பெரிது. மாலை உச்சத்தில் 6 ஜிபிபிஎஸ் உள்ளே வரும் இடத்தில், வெளியே போவது 1 ஜிபிபிஎஸ்கூட இருக்காது. அந்த வெற்றிடத்தில் உங்கள் வாடிக்கையாளர்களின் கேமராக்கள் மாதம் முழுக்க 3 ஜிபிபிஎஸ் தாக்குதலை வெளியே அனுப்பினாலும் பில் ஒரு பைசாகூட ஏறாது. கணக்குப் பிரிவுக்குத் தெரியாது, நிர்வாகத்துக்கும் தெரியாது. புகார் மெயில் பார்க்கும் பையனுக்கு மட்டும் தெரியும்.

ஆகவே முதல் வேலை, வெளியே போகும் டிராஃபிக்கைத் தனியாக அளப்பது. எல்லை ரூட்டரில் டிராஃபிக்கைப் பதிவுசெய்யும் நெட்ஃப்ளோவோ ஐபிஃபிக்ஸோ ஓடட்டும்; ஆயிரத்துக்கு ஒன்று என்ற மாதிரியெடுப்பே போதும். ஒவ்வொரு வாடிக்கையாளர் முகவரிக்கும் மூன்று எண்களைப் பாருங்கள்: நொடிக்கு எத்தனை பாக்கெட் வெளியே போகிறது, எத்தனை வெவ்வேறு முகவரிகளுக்குப் போகிறது, எந்த போர்ட்டுக்குப் போகிறது. வீட்டு இணைப்பு ஒன்று பத்து நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முகவரிகளின் 23ஆம் போர்ட்டை (டெல்நெட் என்ற பழைய தொலைவழி லாகின் வாசல்) தட்டினால், அது பயனர் செய்வதல்ல. புகார்களுக்குச் செலவாகும் ஆள்நேரத்தையும் எந்தப் பிரிவால் வந்ததோ அந்தப் பிரிவின் கணக்கில் எழுதுங்கள். சர்வர் விற்பனைப் பிரிவின் மாதக் கணக்கில் இது ஒரு வரியாக ஏறிய பிறகு, யாரை வாடிக்கையாளராகச் சேர்ப்பது என்பதில் அவர்களே கவனமாகிவிடுவார்கள்.

இனி அபராதம். தாக்குதல் அனுப்பும் வீட்டுக்காரருக்குத் தன் கேமரா என்ன செய்கிறது என்பதே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விதிக்கும் அபராதம் அவர் நடத்தையை மாற்றாது. அவர் முதலில் பில்லை மறுப்பார், பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறுவார். அதே கேமரா அங்கிருந்து அதே வேலையைச் செய்யும். உங்களுக்கு வருமானமும் போகும். இன்னொரு சிக்கல், நீங்கள் சிஜிநாட் வைத்திருந்தால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். புகாரில் மூல போர்ட்டும் துல்லியமான நேரமும் இல்லாவிட்டால், அல்லது உங்கள் போர்ட் ஒதுக்கீட்டுப் பதிவில் கடிகாரம் சில நொடி பிசகியிருந்தால், தவறான வீட்டுக்கு அபராதம் போகும். அப்படி ஒரு முறை நடந்தாலே போதும், திட்டம் முழுவதும் பெயர் கெட்டுவிடும்.

பணத்துக்குப் பதில் அசௌகரியத்தை விலையாக வையுங்கள். தாக்குதல் அனுப்பும் இணைப்பைத் தனி வளாகத்துக்குள் ஒதுக்கிவைக்கும் முறைக்குத் தனிமைப்படுத்தல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெதர்லாந்தில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் கேமரா, ரூட்டர்களைப் பிடிக்கும் மிராய் நிரல் தொற்றிய வாடிக்கையாளர்களை வைத்து நடத்தி, 2019இல் வெளியான ஆய்வில், இப்படி ஒதுக்கிவைத்து அறிவிப்புக் காட்டப்பட்டவர்களில் 92 சதவீதம் பேரின் தொற்று 14 நாளில் நீங்கியது. கையில் பிடிக்கக்கூடிய பலன் இது. செலவும் பெரிதல்ல, இணைப்புகளை அனுமதிக்கும் ரேடியஸ் சர்வரும் ஒரு சிறிய வலைப்பக்கமும்தான்.

செய்முறை இது. தொற்று உறுதியானதும் ரேடியஸ் வழியாக அந்த இணைப்பின் அமர்வை மாற்றி, தனி முகவரிக் குழுவில் போடுங்கள். அந்தக் குழுவிலிருந்து வங்கித் தளங்கள், அரசு அவசரத் தளங்கள், கருவித் தயாரிப்பாளர்களின் ஃபர்ம்வேர் தளங்கள், ஆன்டிவைரஸ் புதுப்பிப்பு ஆகியவை மட்டும் திறக்க வேண்டும். இணைப்பு வழியே தொலைபேசி ஓடுகிறது என்றால் அதைத் தொடவே தொடாதீர்கள். அவசர அழைப்பு துண்டிக்கப்படக் கூடாது. பிற பக்கங்களைத் திறந்தால் உங்கள் அறிவிப்புப் பக்கம் வரட்டும். இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ் என்பதால் திருப்பிவிடுதல் வேலை செய்யாமல், பயனருக்குச் சான்றிதழ் எச்சரிக்கைதான் தெரியும். அதனால் குறுஞ்செய்தியும் மெயிலும் கூடவே போக வேண்டும். இதை விட்டுவிட்டால் ‘நெட் வேலை செய்யவில்லை’ என்ற அழைப்புகளில் உங்கள் உதவி மையம் மூழ்கிவிடும்.

அறிவிப்பில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று எழுதாதீர்கள். மிராய் வகைத் தொற்று கேமரா, வீடியோ ரெக்கார்டர், ரூட்டர் ஆகியவற்றில் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் லேப்டாப்பை ஸ்கேன் செய்துவிட்டு ‘சுத்தமாக இருக்கிறது’ என்று திரும்பி வருவார். எப்போது, எந்த போர்ட்டில், என்ன மாதிரி டிராஃபிக் கண்டீர்கள், எந்த வகைக் கருவியாக இருக்கலாம் என்பதை எழுதுங்கள். பிறகு வேலைகளை வரிசை மாறாமல் சொல்லுங்கள்: கருவியின் இணையத் தொடர்பைத் துண்டிக்கவும், மின்சாரத்தை அணைத்துப் போடவும், உள்ளூர் வலையமைப்பில் இருந்தபடியே கடவுச்சொல்லை மாற்றவும், ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும், டெல்நெட்டையும் போர்ட்டைத் தானாகத் திறக்கும் ரூட்டரின் யுபிஎன்பியையும் நிறுத்தவும், கடைசியாக இணையத்தில் சேர்க்கவும். வரிசை ஏன் முக்கியம் என்றால், மிராய் நினைவகத்தில் மட்டும் வாழ்வது. அணைத்துப் போட்டாலே போய்விடும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு மீண்டும் இணையத்தில் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே திரும்பத் தொற்றிக்கொள்ளும். 2016இல் வெளிவந்த அதன் மூல நிரலில் இருந்தது அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்கள்தான். அவ்வளவை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தார்கள்.

முதல் இரண்டு முறை ‘சரிசெய்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்தி வாடிக்கையாளரே வெளியே வரட்டும். மூன்றாம் முறை உங்கள் ஊழியரோடு பேசிய பிறகுதான். இந்த மூன்றாவது படி இல்லாவிட்டால் எல்லோரும் படிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்துவார்கள்.

அடுத்தது போலி மூல முகவரி. இதைத் தடுக்கும் பரிந்துரை, பிசிபி 38 என்று அறியப்படும் ஆர்எஃப்சி 2827, 2000ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்தே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எல்லோரும் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பமே அல்ல. வடிகட்டுபவருக்கு வேலை, பலன் முழுக்க ஊருக்கு. அதனால்தான் இதை நல்லெண்ணத்தில் விடாமல் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்கிறேன். உங்களிடமிருந்து இணைப்பு வாங்கும் சிறு நிறுவனங்களோடு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, மூல முகவரிச் சரிபார்ப்பை நிபந்தனையாக வையுங்கள். ரூட்டிங் பாதுகாப்புக்காக 2014இல் தொடங்கிய மேனர்ஸ் முயற்சியின் நடவடிக்கைப் பட்டியலிலும் இது இருக்கிறது. பெரிய வாடிக்கையாளர்கள் டெண்டரில் அதைக் கேட்கும் இடங்களில், சேர்ந்திருப்பது விற்பனைக்கும் உதவும்.

வீட்டு இணைப்புகள் வந்து சேரும் போர்ட்டுகளில் கண்டிப்பான யுஆர்பிஎஃப் (மூல முகவரி அந்த வழியே வர வேண்டியதுதானா என்ற சோதனை) போடுங்கள். அணுகல் சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கும் ஐபி சோர்ஸ் கார்டும் (நீங்கள் கொடுத்த முகவரியை மட்டும் அனுமதிப்பவை) இருந்தால் அதைவிட நல்லது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருக்கும் அலுவலக வாடிக்கையாளரிடம் கண்டிப்பான முறையைப் போடாதீர்கள். அவர் ஒரு வழியில் அனுப்பி இன்னொரு வழியில் பெறுவார்; நியாயமான பாக்கெட்டுகள் விழுந்துவிடும். அங்கே அவருக்குரிய முகவரித் தொகுதிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல்தான் சரி. தளர்வான யுஆர்பிஎஃப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். ரூட்டிங் அட்டவணையில் டிஃபால்ட் ரூட் இருந்து, அது சரிபார்ப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டால் எந்த முகவரியும் தேறிவிடும். வடிகட்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. முதல் வாரம் பாக்கெட்டைத் தடுக்காமல் எண்ணிக்கை மட்டும் எடுங்கள், பிறகு ஒரே ஒரு பிஎன்ஜியில் (வீட்டு இணைப்புகள் வந்து சேரும் ரூட்டர்) இயக்குங்கள், பிறகு மற்றவை. ஐபிவி6ஐ மறந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த /56 தொகுதிக்கு வெளியே இருந்து வரும் எதுவும் போகக் கூடாது.

கூடவே, சிறு கேள்விக்குப் பெரிய பதில் அனுப்பும் பெருக்கிகளை மூடுங்கள். கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபியின் மோன்லிஸ்ட் கேள்விக்கு அனுப்பியதைப்போல் 556 மடங்கு வரை பதில் திரும்பும். தற்காலிகத் தரவுச் சேமிப்பான மெம்கேஷ்டில் அது 51,000 மடங்கு வரை. 2018 பிப்ரவரியில் மென்பொருள் நிரல் தளமான கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் தாக்குதல் வந்தது அந்த வழியில்தான். வாடகை சர்வர்களில் யுடிபி போர்ட்டுகள் 11211, 389, 1900 ஆகியவை வெளியுலகுக்குத் திறந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் குவிக் நெறிமுறையை வடிவமைத்தவர்கள் இந்தக் கணக்கை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. ஆர்எஃப்சி 9000இன்படி, எதிர்முனையின் முகவரி உண்மை என்று உறுதியாகும்வரை, பெற்றதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் சர்வர் திருப்பி அனுப்பக் கூடாது. முதல் பாக்கெட்டைக் குறைந்தது 1,200 பைட்டுக்கு நிரப்பி அனுப்பும் பொறுப்பு கிளையன்ட்டுடையது. கேட்பவன் முதலில் செலவழிக்க வேண்டும் என்பதை நெறிமுறையிலேயே எழுதிவிட்டார்கள். நீங்கள் சொந்தமாக யுடிபி சேவை எதுவும் எழுதினால் இதே விதியை வையுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். வாடகை சர்வரைத் தாக்குதலுக்காக எடுப்பவன் பெரும்பாலும் திருட்டுக் கார்டில் எடுப்பான். முன்பணத்தையும் அதே கார்டில் வாங்கினால் அவனுக்கு அது செலவே அல்ல. சில வாரங்கள் கழித்து கார்டு உரிமையாளர் புகார் செய்ய, தொகையும் அதற்குமேல் வங்கிக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அவனிடம் உண்மையிலேயே குறைவாக இருப்பது நேரம். கணக்கு மூடப்படுவதற்குள் ஓரிரு நாளில் காரியத்தை முடிக்க வேண்டும். ஆகவே விலையை நேரத்தில் வையுங்கள். புதிய கணக்குக்கு முதல் 30 நாள் வெளியே போகும் பாக்கெட் எண்ணிக்கையை நொடிக்கு 50,000 என்று கட்டுப்படுத்துங்கள். முழு அளவு 1,500 பைட் பாக்கெட்டாக இருந்தால் அது 600 எம்பிபிஎஸ். நேர்மையான வலைத்தளம் எதுவும் இந்தக் கட்டுப்பாட்டை உணரவே உணராது. ஆனால் இணைப்புக் கோரிக்கைகளைக் கொட்டும் சின் வெள்ளம் அனுப்புபவன் பயன்படுத்தும் மிகச் சிறிய பாக்கெட்டில் அது சுமார் 34 எம்பிபிஎஸ்தான். கட்டுப்பாடு இல்லாவிட்டால் அதே 1 ஜிபிபிஎஸ் போர்ட்டிலிருந்து நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட் அனுப்ப முடியும். ஜிபிபிஎஸ்ஸில் அல்லாமல் பாக்கெட் எண்ணிக்கையில் கட்டுப்படுத்தச் சொல்வது இதனால்தான். மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டும் மூடியே இருக்கட்டும். கட்டுப்பாட்டை முன்பே நீக்க வேண்டும் என்று கேட்பவரிடம், திரும்பப் பெற முடியாத வங்கிப் பரிமாற்றமாக முன்பணம் வாங்குங்கள். புகார் இல்லாமல் 90 நாள் போனால் அடுத்த பில்லில் கழித்துக்கொடுங்கள். இந்த வடிவத்தில்தான் முன்பணம் வேலை செய்யும். நல்ல வாடிக்கையாளருக்குச் செலவு பூஜ்யம், அவசரக்காரனுக்கு மட்டும் செலவு.

கணக்குப் புதிருக்கு நீண்ட வரலாறு உண்டு. ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்புபவரின் கணினி சிறிது கணக்கு போட வேண்டும் என்று சிந்தியா ட்வொர்க்கும் மோனி நாவோரும் 1992இல் முன்மொழிந்தார்கள். ஆடம் பேக் 1997இல் ஹாஷ்கேஷைக் கொண்டுவந்தார். 2004இல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் கணக்குப் போட்டுப் பார்த்து, ஸ்பேமை நிறுத்தும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால் நேர்மையாக மெயில் அனுப்புபவர்களில் பலரும் சிக்கிக்கொள்வார்கள் என்று காட்டினார்கள். தாக்குபவன் திருட்டுக் கணினிகளில் கணக்கு போடுகிறான். உங்கள் வாடிக்கையாளர் பழைய போனின் பேட்டரியில் போடுகிறார். 20 பிட் ஷா-256 புதிருக்குச் சராசரியாக 10,48,576 முயற்சிகள் வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் முயற்சி செய்யும் போனில் அது பத்து நொடிக்கு மேல். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு நூறு கோடிக்கு மேல் முயல்வதால், அதற்குச் சுமார் ஒரு மில்லிநொடியே ஆகும். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். நினைவகத்தை நிறையக் கேட்கும் புதிராக இருந்தால் இந்த இடைவெளி குறையும், மறையாது.

புதிர் பலித்த இடமும் உண்டு. பயனரின் முகவரியை மறைக்கும் டார் வலையமைப்பு 2023 ஆகஸ்டில், 0.4.8 பதிப்பில், தனக்குள் மட்டும் இயங்கும் ஆனியன் சேவைகளுக்கு இதைச் சேர்த்தது. அமைதியான நேரத்தில் கேட்கும் உழைப்பு பூஜ்யம். நெரிசல் கூடக்கூட மட்டும் உயரும். யார் அதிகம் உழைத்தார்களோ அவர்களின் கோரிக்கை வரிசையில் முன்னால் போகும். ஐபி முகவரியை வைத்துத் தடுக்கவே வழியில்லாத இடம் அது. வேறு ஆயுதமும் இல்லை. உங்கள் லாகின் பக்கத்துக்கு வைப்பதானால் இந்த மாதிரியைப் பின்பற்றுங்கள். தாக்குதல் நேரத்தில் மட்டும், கடவுச்சொல் சரிபார்ப்பு, தேடல், அறிக்கை இறக்கம் போன்ற கனமான வேலைகளுக்கு மட்டும் இயக்குங்கள். புதிரை சர்வர் நினைவில் வைக்காதீர்கள். வைத்தால் அந்த நினைவகத்தையே நிரப்பித் தாக்குவார்கள். முகவரி, நேரம், கடினம் மூன்றையும் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு அனுப்பி, விடையோடு திரும்பப் பெற்றுச் சரிபாருங்கள். புதிரின் ஆயுள் 120 நொடி. பயன்படுத்திய விடையை அந்த 120 நொடிக்கு மட்டும் குறித்துவைத்தால் மறுபயன்பாடு நடக்காது. கடினத்தை உங்கள் வாடிக்கையாளர்களிடம் இருக்கும் மிகப் பழைய போனில் வைத்து அளந்து, இரண்டு நொடிக்குள் முடிவதாக வையுங்கள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லாகின் முயற்சிகளை இது மட்டுப்படுத்தும். 20 ஜிபிபிஎஸ் கொள்ளளவுள்ள உங்கள் இரண்டு அப்லிங்க்குக்குள் 60 ஜிபிபிஎஸ் வந்தால், புதிர் கேட்கப்படும் முன்பே கோரிக்கை வெளியில் விழுந்துவிடும். அங்கே புதிரால் ஒரு பயனும் இல்லை.

புதிரைவிட உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது, கோரிக்கைகளுக்கு எடை போடுவது. இதற்கு நல்ல பாடம் எதிரியம் என்ற பிளாக்செயின் வலையமைப்பு தருகிறது. அங்கே ஒவ்வொரு செயலுக்கும் கேஸ் என்ற கட்டணம் உண்டு. 2016 செப்டம்பர், அக்டோபரில் தாக்குதல்காரர்கள் எக்ஸ்ட்கோட்சைஸ் என்ற செயலைத் தேடிப் பிடித்தார்கள். வட்டிலிருந்து படிக்கவேண்டிய அந்த வேலைக்குக் கட்டணம் வெறும் 20. அதை ஒரே பிளாக்கில் ஆயிரக்கணக்கில் கூப்பிட்டு வலையமைப்பையே தள்ளாட வைத்தார்கள். அக்டோபர் மாற்றத்தில் கட்டணம் 700 ஆனது. எதற்கு விலை குறைத்து வைத்திருக்கிறீர்களோ அங்கேதான் வருவார்கள். உங்கள் தளத்தில் ‘நிமிடத்துக்கு 100 கோரிக்கை’ என்ற ஒரே வரம்பு இருந்தால் அதே ஓட்டை உங்களிடமும் இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு பயனருக்கு நிமிடத்துக்கு 1,000 புள்ளி கொடுங்கள். கேஷில் இருக்கும் பக்கம் 1, லாகின் 20, ஓராண்டு அறிக்கை இறக்கம் 200. எந்தச் செயலுக்கு எவ்வளவு என்பதை ஊகிக்காமல், ஒரு வாரப் பதிவிலிருந்து சிபியு மில்லிநொடியையும் டேட்டாபேஸ் படிப்பையும் எடுத்துக் கணக்கிடுங்கள். கிளவுடில் ஏதாவது ஓடுகிறது என்றால் தானாக விரியும் சர்வர்களின் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வைத்துவிடுங்கள். பட்ஜெட் எச்சரிக்கை மணிக்கணக்கில் தாமதமாக வரும். அதற்குள் பில் ஏறிவிடும்.

உங்கள் கைக்கு அப்பால் இருப்பவை பற்றியும் நிர்வாகத்துக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்பேம் மூலம் விற்கப்பட்ட மருந்து, போலிப் பொருள், மென்பொருள் ஆகியவற்றின் பணத்தில் 95 சதவீதம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே போனதை 2011இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே தர்க்கத்தில் 2015இல் வாடகைத் தாக்குதல் தளங்களின் பேபால் கணக்குகளை மூடியபோது, பிட்காயினுக்கு நகர்ந்த தளங்களின் வாடிக்கை குறைந்தது. இங்கிலாந்தின் தேசியக் குற்றவியல் முகமை 2017 டிசம்பர் கடைசியிலிருந்து 2018 ஜூன் வரை, இத்தகைய தளங்களைத் தேடும் இளைஞர்களுக்குக் கூகுளில் ‘இது சட்டவிரோதம்’ என்று விளம்பரம் காட்டியது. அந்தக் காலத்தில் அங்கே தாக்குதல்களின் வளர்ச்சி நின்றதாகக் கேம்பிரிட்ஜ் ஆய்வு கண்டது. சில விளம்பரங்களுக்கு இவ்வளவு பலன் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் முடிவு. கருவி தயாரிப்பாளர்கள் மீதும் இப்போது செலவு விழத் தொடங்கிவிட்டது. 2024 ஏப்ரல் 29 முதல் இங்கிலாந்தில் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்றால், ஒரு கோடி பவுண்ட் அல்லது உலக வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும். நீங்கள் மொத்தமாக வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ரூட்டருக்கு இதே நிபந்தனையைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் இன்றே எழுதலாம்: ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல், இத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு, தவறினால் மாற்றுக் கருவி விற்பவர் செலவில்.

மிரட்டல் மெயிலுக்குப் பணம் கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள். 2015 நவம்பரில் ப்ரோட்டான்மெயில் நிறுவனம் நெருக்குதல் தாங்காமல் 15 பிட்காயின் கட்டியது, தாக்குதல் நிற்கவில்லை. பிரபலக் கும்பலின் பெயரைப் போட்டு ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் காத்திருப்பவர்களும் பலர். மெயிலை முழுத் தலைப்புகளோடு சேமித்து சைபர் குற்றப் பிரிவில் கொடுங்கள். அவன் குறித்திருக்கும் நாளுக்கு முன்பே, அப்ஸ்ட்ரீம் இருவரிடமும் பிளாக்ஹோல் வசதியை (தாக்கப்படும் முகவரிக்கு வரும் டிராஃபிக்கை அவர்களே வீசியெறிவது) சோதித்துவிடுங்கள். அதற்கான 65535:666 என்ற கம்யூனிட்டி குறியை அவர்கள் ஏற்கிறார்களா, ஒற்றை முகவரிக்கான /32 அறிவிப்பை வடிகட்டாமல் எடுத்துக்கொள்கிறார்களா என்பதைப் பயன்படுத்தாத ஒரு முகவரியை வைத்துப் பாருங்கள். தாக்குதல் நடக்கும்போதுதான் முதல் முறையாக முயன்று, முன்னொட்டு நீளம் ஒத்துவராமல் திணறுவது அடிக்கடி நடப்பது. பிளாக்ஹோல் செய்த முகவரி இணையத்திலிருந்து மறைந்துவிடும் என்பதால், அந்த வாடிக்கையாளரை வேறு முகவரிக்கு மாற்றும் முறையும் கூடவே தயாராக இருக்க வேண்டும்.

ஸ்க்ரப்பிங் சேவையை இப்போதே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தை மாற்றச் சொல்வேன். சுத்தமான டிராஃபிக்குக்கு மட்டும் பில், தாக்குதல் அளவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, திருப்பிவிட எத்தனை நிமிடம், தவறினால் எவ்வளவு கழிவு என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். அப்ஸ்ட்ரீமிடமும் ஒன்று கேளுங்கள்: மாதத்தில் மொத்தம் 36 மணி நேரத்தைத் தாண்டிய தாக்குதல் உங்கள் 95வது பெர்சென்டைலை உயர்த்திவிடும். அந்த அளவீடுகளைக் கணக்கிலிருந்து நீக்கும் பிரிவு இருக்கிறதா? பலரும் கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

வரிசை என்று கேட்டீர்கள். முதல் மாதம் அளவீடும் பிளாக்ஹோல் சோதனையும், இரண்டாம் மாதம் மூல முகவரி வடிகட்டியும் பெருக்கி போர்ட்டுகளும், பிறகு புதிய சர்வர் கணக்குகளின் பாக்கெட் வரம்பு, அதன் பிறகு தனிமைப்படுத்தும் வளாகம், புள்ளிக் கணக்கு உங்கள் மென்பொருள் குழுவின் நேரத்தைப் பொறுத்து, புதிர் கடைசியில். நிர்வாகத்துக்கு மாதந்தோறும் கொடுக்கும் அறிக்கையில் ‘எத்தனை தாக்குதல் வந்தது’ என்ற எண்ணை முன்னால் வைக்காதீர்கள். அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. வெளியே போன போலி முகவரிப் பாக்கெட்டுகள், தொற்று கண்டதிலிருந்து நீங்கும்வரை ஆன நாட்கள், மூன்றாம் முறை ஒதுக்கிவைக்கப்பட்ட இணைப்புகள், புதிய சர்வர் கணக்குகளில் முதல் 30 நாளில் மூடப்பட்டவை ஆகிய நான்கை வையுங்கள். இவை இறங்காமல் நின்றால் எந்தப் படியில் ஓட்டை என்பது அந்த எண்ணிலேயே தெரியும்.